வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைப்பதா, பணத்தைக் கையில் வைத்திருப்பதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: 20 ஆண்டுத் தவணையில் 8 சதவீத வட்டிக்கு வீட்டுக் கடன் வாங்கி 6 ஆண்டு முடிந்துவிட்டது. ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனால் கணக்கு அறிக்கையைப் பார்த்தால் கடன் இருந்த இடத்திலேயே இருப்பதுபோலத் தெரிகிறது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. அதைப் போட்டுக் கடனைக் குறைக்கலாமா, வேறு எதிலாவது முதலீடு செய்யலாமா? மாதச் சம்பளத்தில் வாழ்பவர்கள் கடனே இல்லாமல் இருக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். நானும் 20 ஆண்டுக்கு வாங்கியவன்தான், 13 ஆண்டில் முடித்தேன். பெரிய சம்பளம் கிடையாது, சொத்து எதுவும் வந்து சேரவில்லை. ஆனால் நடுவில் சில தவறான முடிவுகள் எடுத்தேன். அவை உங்களுக்கு நேரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கு அறிக்கை. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் கடன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது 25 லட்சம் என்றால் கீழே வரும் எல்லாத் தொகையையும் 25-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கு 8 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 836 வரும். முதல் மாதம் வங்கி என்ன செய்கிறது? ஒரு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 667. அதை எடுத்துக்கொண்டு மீதி 170-ஐ மட்டும் அசலில் கழிக்கிறது. அடுத்த மாதம் 99,830-க்கு வட்டி. அசலில் கழிவது ஒரே ஒரு ரூபாய் அளவுக்கு ஏறுகிறது. இப்படியே நத்தை மாதிரி நகர்ந்துகொண்டு போகும்.

6 ஆண்டில் நீங்கள் கட்டியது 60,200. அதில் அசலில் போனது 15,600 மட்டும்தான். மீதி முழுவதும் வட்டி. இன்னும் பாக்கி 84,400. பாதிக் காலம், அதாவது 10 ஆண்டு முடியும்போதுகூட 68,900 நிற்கும். கடன் பாதியாகக் குறைவது 14-ஆவது ஆண்டில்தான். ஆக, உங்கள் கணக்கில் எந்தத் தவறும் இல்லை, உங்களை யாரும் ஏமாற்றவும் இல்லை. பாக்கி இருக்கும் தொகைக்கு வட்டி என்ற ஒரே விதிதான் இப்படித் தெரிகிறது. பாக்கி பெரிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டி தவணையை விழுங்குகிறது. பாக்கி சுருங்கச் சுருங்க அசலுக்கு வழி கிடைக்கிறது.

இந்தச் சமத் தவணை முறையைத் திட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. அது வருவதற்கு முன் என்ன இருந்தது என்று தெரிந்தால் திட்ட மாட்டார்கள். அமெரிக்காவில் 1930-களுக்கு முன் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ஐந்து, பத்து ஆண்டுக் கடன்கள். காலம் முழுவதும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்து, கடைசியில் மொத்த அசலையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். வழக்கமாகக் கடனைப் புதுப்பித்துத் தள்ளிப்போடுவார்கள். பெருமந்தம் என்ற பெரிய பொருளாதாரச் சரிவு வந்தபோது வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன, ஒழுங்காக வட்டி கட்டி வந்த குடும்பங்கள்கூட வீட்டை இழந்தன. அதன் பிறகுதான் 1933-இலும் 1934-இலும் அந்நாட்டு அரசு அமைப்புகளை உருவாக்கி, மாதாமாதம் அசலும் வட்டியும் சேர்ந்து கழியும் நீண்ட காலத் தவணைக் கடனைப் பரவலாக்கியது. மெதுவாகக் கழிந்தாலும் ஒரு நாள் தானாகவே தீர்ந்துபோகும் கடன் என்பது அன்றைக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் தானாகத் தீரும் வரை காத்திருந்தால் ஒரு லட்சத்துக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் கட்டுவீர்கள். அதனால்தான் இடையில் கூடுதலாகக் கட்டுவது பற்றிய பேச்சே வருகிறது.

கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு காசும் நேரே அசலில் விழுகிறது. அன்றிலிருந்து அந்தக் காசுக்கு வட்டி ஓடாது. 6 ஆண்டு முடிந்த இந்த இடத்தில் நீங்கள் 10,000 கட்டினால் (ஒரு லட்சக் கடனுக்கு 10,000 என்று நினைவில் வையுங்கள்), அதே தவணையைத் தொடர்ந்தால் போதும், கடன் 33 மாதம் முன்னதாக முடியும். மிச்சமாகும் வட்டி சுமார் 17,400. இதே 10,000-ஐ முதல் ஆண்டு முடிவில் கட்டியிருந்தால் மிச்சம் 29,000. பத்தாம் ஆண்டு முடிவில் என்றால் 10,500. பதினைந்தாம் ஆண்டு முடிவில் 4,100.

இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். "கடைசி ஆண்டுகளில் வட்டியே குறைவு, அப்போது அடைப்பது வீண்" என்று நன்றாகப் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வீண் இல்லை. எந்த ஆண்டில் கட்டினாலும் அந்தப் பணம் உங்களுக்கு ஈட்டித் தருவது ஆண்டுக்கு அதே 8 சதவீதம்தான். முதலாம் ஆண்டில் கட்டிய பணம் 19 ஆண்டு உழைக்கிறது, பதினைந்தாம் ஆண்டில் கட்டியது 5 ஆண்டுக்குள் உழைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் வைப்பு நிதியில் இன்றைக்கு 6 சதவீதம் வருகிறது, கடனுக்கு 8 போகிறது என்றால், கடன் முடிய இரண்டு ஆண்டே இருந்தாலும் அடைப்பதுதான் லாபம். தாமதமாகிவிட்டதே என்று மனம் விட்டுவிட வேண்டாம்.

மொத்தமாகப் பணம் இல்லையா? பரவாயில்லை. சொல்லப்போனால் சிறுகச் சிறுகக் கட்டியவர்கள்தான் நான் பார்த்தவரை கடனை முடித்திருக்கிறார்கள். போனஸ் வரட்டும், மொத்தமாகப் போடலாம் என்று காத்திருந்தவர்களுக்குப் போனஸ் வந்த மாதமே வேறு ஏதாவது செலவும் வந்து நிற்கும். உங்கள் நிலையிலிருந்து தவணையை 10 சதவீதம் மட்டும் கூட்டிக் கட்டினால், மிச்சமிருக்கும் 14 ஆண்டு 12 ஆண்டுக்குள் வந்துவிடும். ஆண்டுதோறும் சம்பளம் ஏறும்போது தவணையையும் 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால், 14 ஆண்டு ஒன்பதரை ஆண்டாகச் சுருங்கும். நான் செய்தது இந்த இரண்டாவது வழி. சம்பள உயர்வு கைக்கு வரும் முதல் மாதமே, அது கையில் பழகுவதற்கு முன்பே, தவணையை உயர்த்திவிடுவேன். ஒரு பழைய நோட்டில் மாதாமாதம் பாக்கித் தொகையைப் பேனாவால் எழுதி வந்தோம். முதல் நான்கு பக்கம் வரை லட்சத்தின் முதல் இலக்கம் மாறவே இல்லை. அது மாறிய மாதம் என் மனைவி அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு இலக்கம் மாறும்போதும் ஒரு கோடு. அந்தக் கோடுகளின் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்ததைப் பார்ப்பதுதான் எங்களை விடாமல் கட்ட வைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையைத் தொடுவதில்லை, காலத்தை நீட்டிவிடுகின்றன. மாதம் போகும் பணம் அதேதான் என்பதால் நமக்கு உறைப்பதில்லை. 20 ஆண்டுக் கடன் தொடங்கிய உடனேயே வட்டி 8-இலிருந்து 9.5 ஆனது என்று வையுங்கள். அதே 836-ஐக் கட்டிக்கொண்டிருந்தால் கடன் முடியக் கிட்டத்தட்ட 31 ஆண்டு ஆகும். உங்கள் நிலையில், 6 ஆண்டு முடிந்த பிறகு ஏறினாலும், மிச்சம் 14 ஆண்டு என்பது 17 ஆண்டாகும். வட்டி 10 சதவீதத்தைத் தாண்டினால் தொடக்க ஆண்டுகளில் தவணை வட்டிக்கே போதாது, கட்டக் கட்டக் கடன் வளரும். அதனால் வட்டி மாற்றக் கடிதம் வந்தால் தவணை எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முடியும் மாதம் எது என்று பாருங்கள். தள்ளிப்போயிருந்தால், "காலத்தை நீட்ட வேண்டாம், தவணையை ஏற்றுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். ஒரு தடவை நான் இதைக் கவனிக்காமல் ஒன்றரை ஆண்டு விட்டுவிட்டேன்.

இப்போது என் பதிலின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, சேமிப்பு முழுவதையும் துடைத்து எடுத்துக் கடனில் போடக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இருந்தார். கடன் என்றாலே அவருக்கு உடம்பு கூசும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அத்தனையையும் ஒரே தடவையில் கடனில் கட்டினார். கடன் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார், தவணை பழையபடியே இருந்தது. ஏழு மாதம் கழித்து அவருடைய பிரிவையே மூடினார்கள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தவணைக்குக் கணக்கில் பணம் இல்லை. வங்கிக்குப் போய், "போன வருஷம்தானே இவ்வளவு கட்டினேன், அதில் கழித்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டார். முடியாது. நேற்று நீங்கள் முன்கூட்டிக் கட்டிய லட்சங்கள் இந்த மாதத் தவணையைக் கட்டாது. ஒப்பந்தம் மாதாமாதம் கட்டச் சொல்கிறது. அவர் கடைசியில் கிரெடிட் கார்டில் எடுத்துத் தவணை கட்டினார். 8 சதவீதக் கடனை அடைக்கப் போய் அதைப்போல நான்கைந்து மடங்கு வட்டிக் கடனில் விழுந்தார். வேலை கிடைத்து அதிலிருந்து மீள அவருக்கு மூன்று ஆண்டு பிடித்தது. வீடு தப்பியது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அவர் செய்த தப்பு கணக்கில் இல்லை. அவசரத்துக்கு வேண்டிய பணம் எங்கே இருக்கிறது என்பதில் இருந்தது. சுவருக்குள் போன பணத்தை வேண்டும்போது உருவி எடுக்க முடியாது. வீட்டை விற்க வேண்டும், அல்லது அதே வங்கியிடம் மறுபடி கடன் கேட்டு நிற்க வேண்டும். சம்பளம் நின்றவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? பாதி அடைத்த கடனும் காலியான கையும் சேர்ந்த நிலைதான் எல்லா நிலையிலும் ஆபத்தானது. முழுக் கடனும் கைநிறையப் பணமும் இருப்பவர் அவரைவிடப் பத்திரமாக இருக்கிறார்.

ஆகவே என் வரிசை இதுதான். முதலில் கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் போன்றவை. அவை இருக்கும்போது வீட்டுக் கடனில் ஒரு காசு கூடுதலாகப் போடுவது நஷ்டம். அப்புறம் ஆறு மாதக் குடும்பச் செலவும் ஆறு மாதத் தவணையும் சேர்த்து, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய கணக்கில் தனியாக நிற்க வேண்டும். வீட்டில் ஒருவர் சம்பளம்தான் என்றாலோ, சொந்தத் தொழில் என்றாலோ ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கூடவே கடன் தொகைக்குக் குறையாத ஆயுள் காப்பீடு. முதிர்வுத் தொகை, போனஸ் எல்லாம் இல்லாத சாதாரண டேர்ம் காப்பீடு போதும். நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு வீடு மிஞ்ச வேண்டும், கடன் மிஞ்சக் கூடாது. வேலை பார்க்கும் இடத்தில் ஓய்வூதியச் சேமிப்புக்கு நிறுவனமும் ஈடாகப் பணம் போடுகிறது என்றால் அதையும் விடாதீர்கள், அதற்கு இணையான வருமானம் வேறு எதிலும் வராது. இவ்வளவும் நின்ற பிறகு மிஞ்சுவதெல்லாம் வீட்டுக் கடனுக்கு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மொத்தமாக ஒரு தொகை கட்டும்போது, "காலத்தைக் குறைக்கட்டுமா, தவணையைக் குறைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். காலத்தைக் குறைப்பதுதான் லாபம் என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணும் அப்படித்தான் சொல்லும். உங்கள் 10,000-க்கு காலத்தைக் குறைத்தால் மிச்சம் 17,400, தவணையைக் குறைத்தால் மிச்சம் சுமார் 6,650. ஆனால் தவணையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, பழைய தவணைத் தொகையையே விடாமல் கட்டி வந்தால்? இரண்டு வழியிலும் கடன் அதே மாதத்தில்தான் முடியும். கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை மட்டும் 836-இலிருந்து 737-க்கு இறங்கியிருக்கும். கஷ்ட காலம் வந்தால் அந்த 99 உங்களுக்கு மூச்சு விட இடம் தரும். கூடுதல் கட்டணம் இல்லாமல் அடிக்கடி முன்கூட்டிக் கட்ட உங்கள் ஒப்பந்தம் இடம் கொடுத்தால், இந்த வழியைத்தான் நான் சொல்வேன். ஆனால் மனக் கட்டுப்பாடு வேண்டும். மிச்சமாகும் 99 செலவில் கரைந்துவிடும் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், பேசாமல் காலத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆஃப்செட் கணக்கு என்று ஒன்று பரவலாக இருக்கிறது, பிரிட்டனிலும் உண்டு. கடனோடு ஒரு சேமிப்புக் கணக்கு இணைந்திருக்கும். அதில் கிடக்கும் பணத்தைக் கடனிலிருந்து கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வட்டி போடுவார்கள், பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு நாடுகளிலும் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் என்று இதே வசதி கிடைக்கிறது. சில இடங்களில் இதற்கு வட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதைக் கணக்குப் பார்க்க வேண்டும். அவசரப் பணம் கணிசமாக வைத்திருப்பவருக்கு அந்தக் கூடுதல் வட்டி பெரிதாகத் தெரியாது. பணமும் கையில் இருக்கும், வட்டியும் குறையும்.

சரி, முதலீடு செய்வதா, அடைப்பதா? கடனை அடைப்பது என்பது கடன் வட்டி அளவுக்கு உறுதியான வருமானம். ஏற்ற இறக்கம் கிடையாது. அதே உறுதியோடு, வரி போக, அதைவிடக் கூடுதலாக எங்கே கிடைக்கும் என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அங்கே போடுங்கள். பங்குச் சந்தையில் நீண்ட காலத்தில் கூடுதலாக வரலாம், ஆனால் அதை 8 சதவீத உறுதியோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. சந்தை விழும் காலமும் ஆட்குறைப்பு நடக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். உங்கள் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கிறது என்றால் அதைக் கழித்துக்கொண்டு நிஜமான வட்டி என்ன என்று பாருங்கள். ஆனால் வரிச் சலுகை போய்விடுமே என்பதற்காகவே கடனை வைத்திருப்பது தவறு. 100 வட்டி கட்டினால் 30 வரியில் திரும்ப வரும் என்றாலும் 70 நம் கையை விட்டுத்தானே போகிறது.

அடைக்க அவசரப்படக் கூடாத இடமும் உண்டு. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் 30 ஆண்டு நிலையான வட்டியின் சராசரி 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் அதுவே 7.79-ஐத் தொட்டது. 2021-இல் கடனை எழுதிக்கொண்டவருக்கு 30 ஆண்டுக்கும் அந்த வட்டிதான். சாதாரண வைப்பு நிதியிலேயே அதைவிடக் கூடுதலாக வரும் காலத்தில் அவர் ஏன் முன்கூட்டிக் கட்ட வேண்டும்? விலைவாசி ஏற ஏற அவருடைய தவணை தானாகவே லேசாகிக்கொண்டு போகும். உங்களுடையது 8 சதவீதம் என்பதால் இந்தப் பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. "எல்லாக் கடனும் விஷம்" என்று யாராவது சொன்னால் வட்டி எவ்வளவு, அது மாறுமா, நிலையானதா என்று திருப்பிக் கேளுங்கள், அதற்காகச் சொன்னேன்.

முன்கூட்டிக் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். அபராதக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் தடை போட்டது. பிரிட்டனில் நிலையான வட்டிக் காலத்தில் ஆண்டுக்குப் பாக்கியில் 10 சதவீதம் வரை கட்டணமில்லாமல் கட்ட விடுவது வழக்கம், மீறினால் அபராதம். ஜெர்மனியில் வட்டியை எத்தனை ஆண்டுக்கு நிலையாக வைத்திருந்தாலும், முழுப் பணமும் கைக்கு வந்து 10 ஆண்டு கழிந்ததும் ஆறு மாத முன்னறிவிப்பில் அபராதமின்றி முடித்துக்கொள்ளச் சட்டமே உரிமை தருகிறது. கட்டும்போது, "இது அசலில் வரவு வைக்க வேண்டிய தொகை" என்று எழுத்தில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக எடுத்துவைத்துவிடுவார்கள், அதில் வட்டி குறையாது. அடுத்த மாத அறிக்கையில் அசல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசித் தவணை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறிக்கையில் தெரியும் பாக்கியைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்போம். வட்டி நாள் கணக்கில் ஓடும் என்பதால், எந்தத் தேதியில் முடிக்கிறீர்களோ அந்தத் தேதிக்கான முழுத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கி அதைத்தான் கட்ட வேண்டும். சில்லறைத் தொகை பாக்கி நின்று, அதற்கு வட்டியும் அபராதமும் ஏறி, மூன்று ஆண்டு கழித்துக் கடிதம் வந்த கதையெல்லாம் உண்டு. தானியங்கித் தவணை உத்தரவை ரத்து செய்ய வேண்டும். கடன் பாக்கி இல்லை என்ற சான்று, அடமானம் நீங்கியதாகப் பதிவேட்டில் ஏறியதற்கான ஆதாரம், வீட்டுக் காப்பீட்டில் வங்கியின் பெயரை நீக்குவது, கடன் வரலாற்று அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாக வந்திருக்கிறதா என்பது, இவை எல்லாவற்றையும் நாம்தான் துரத்திப் பிடிக்க வேண்டும். அமெரிக்கா போன்ற இடங்களில் சொத்து வரியையும் காப்பீட்டையும் தவணையோடு வசூலித்துக் கடன் கொடுத்தவரே கட்டி வருவது வழக்கம். கடன் முடிந்ததும் அந்தப் பொறுப்பு உங்கள் தலைக்கு வந்துவிடும், தேதி தவறக் கூடாது.

என் பத்திரங்களைத் திருப்பித் தந்த நாளை மறக்கவே முடியாது. பழுப்பு உறை, ஓரத்தில் துருப்பிடித்த கிளிப், அது பட்டுப் பட்டுத் தாளிலும் செம்மண் நிறத்தில் ஒரு தடம். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் மனைவிதான், "பொறுங்க, எண்ணிப் பார்த்துட்டுப் போடலாம்" என்றாள். 13 ஆண்டுக்கு முன் பத்திரங்களை ஒப்படைத்தபோது கொடுத்த பட்டியலின் நகலை அவள் கையோடு கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கட்டட வரைபடத்தைக் காணோம். கையெழுத்துப் போடாமல், எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தோம். ஐந்து வாரம் கழித்து வேறொருவர் கோப்புக்குள் இருந்து அது கிடைத்தது. அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் எங்கள் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்களிடம் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். இல்லையென்றால், கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வங்கியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் முடிந்த பிறகு வாழ்வது எப்படி என்பதற்கு யாரும் வழி சொல்வதில்லை. முடிந்த அடுத்த மாதம் சம்பளத்தில் பெரிய பங்கு அப்படியே நின்றது. முதல் மாதம் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் மாதம் கணக்குப் பார்த்தபோது அந்தப் பணம் எங்கே போனது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் வாங்கவும் இல்லை. அதன் பிறகுதான், பழைய தவணை போன அதே ஐந்தாம் தேதிக்கு, அதே தொகையை எங்கள் பெயரிலுள்ள இன்னொரு கணக்குக்குப் போகும்படி உத்தரவு போட்டோம். அதில் ஒரு பங்கு வீட்டுப் பராமரிப்புக்கு. கூரையும் குழாயும் வர்ணமும் நம்மைக் கேட்டுக்கொண்டு கெட்டுப்போவதில்லை, அந்தப் பணம் தனியே இல்லாததால்தான் கடனை முடித்த பலர் மறுபடி கடனுக்குப் போகிறார்கள். ஒரு பங்கு அடுத்த வண்டிக்கு. மீதி ஓய்வுக் காலத்துக்கு. வண்டிக்கான தவணையை வண்டி வாங்குவதற்கு முன்பே நமக்கு நாமே கட்டிவிடுவது, பழகிவிட்டால் மிகவும் லேசான காரியம்.

கடன் இல்லாதவரைத் தேடிக் கடன் வரும், அதையும் எதிர்பார்த்து இருங்கள். முழுக்க அடைத்த வீட்டைக் காட்டினால் குறைந்த வட்டியில் பெரிய தொகை தருகிறோம் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் 2000-களின் நடுவில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனபோது, ஏறிய மதிப்பின் மேல் கடன் வாங்கிச் செலவு செய்தவர்கள் ஏராளம். விலை சரிந்ததும், வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாக நின்றது. வீட்டை அடமானம் வைத்து வாங்கும் பணம் எதற்காக இருந்தாலும் அதற்கு ஈடாகப் போவது தலைக்கு மேலுள்ள கூரை என்பது மனத்தில் நிற்க வேண்டும்.

அடுத்தது ஜாமீன் கையெழுத்து. நெருங்கிய உறவு, பழைய நண்பர், மறுக்க மனம் வராது. ஆனால் அவர் கட்டாவிட்டால் நாம் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். அதை நம் கடன் பட்டியலில் முழுத் தொகையாக எழுதிப் பாருங்கள், தாங்குமா என்று தெரியும். நான் இரண்டு முறை மறுத்திருக்கிறேன். ஒருவரிடம், "ஜாமீன் போட முடியாது, ஆனா இவ்வளவு பணம் திருப்பித் தராட்டியும் பரவாயில்லைன்னு கொடுக்கிறேன்" என்று சொல்லிக் கையில் இருந்ததைக் கொடுத்தேன். சில மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தது. இப்போது சகஜமாகத்தான் இருக்கிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடன் அறிக்கையை எடுத்து இன்றைய பாக்கி, இன்றைய வட்டி, முடியும் மாதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். முடியும் மாதம் இன்னும் 14 ஆண்டுக்குள் இருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். கையிலிருக்கும் சேமிப்பில் ஆறு மாதச் செலவையும் ஆறு மாதத் தவணையையும் கழியுங்கள். மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் இந்த ஆண்டு கடனைத் தொடாதீர்கள், சேமிப்பை வளருங்கள். மிஞ்சினால் அதில் பாதியை இப்போது கட்டுங்கள், மீதியை ஆறு மாதம் கழித்து, வேலை நிலவரம் பார்த்துக் கட்டுங்கள். அடுத்த சம்பள உயர்வு எந்த மாதம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதத்துக்கு முந்தைய வாரம் வங்கிக்குப் போய்த் தவணையை 5 சதவீதம் உயர்த்த எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.